ஐந்து நிமிடம் வெட்டாமல்

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர் அவசரம். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தோரு வருடமாக மெக்கானிக். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். சினிமாவுக்குப் போனால் கடைசிக் காட்சி ஓடும்போதே செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். நான் ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் முடிவை அவரே சொல்லிவிடுவார், அதையும் தப்பாகச் சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். பத்தொன்பது வருடம் இவரோடு குப்பை கொட்டியதில் எனக்கும் அந்த வியாதி கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

ஆனால் வேலையில் இறங்கிவிட்டால் ஆளே வேறு என்பார் நெட்டை. நெட்டை என்பவர் அவரோடு ஜோடியாக வேலைக்குப் போகும் கூட்டாளி, வீட்டுக்கு வந்தால் நிலைப்படியில் தலை இடிக்காமல் உள்ளே வரத் தெரியாதவர். "மின்சாரப் பெட்டி முன்னாடி நிக்கிறப்ப மட்டும் அவசரம் அவசரமே படமாட்டாரு அக்கா" என்று அவர் ஒருமுறை சொன்னார். நான் நம்பவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு முழு நிமிடம் நின்று நான் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. லிஃப்ட் ஓடும் கிணறு மாதிரியான இடத்தில் இரும்பு ஏணியில் ஏறி இறங்கித் தேய்ந்துபோன முட்டி. டாக்டர் ஏணியே கூடாது என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் வருடா வருடம் நடக்கும் உடல் பரிசோதனைக்கு இவர் வலி மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு போய் ஒப்பேற்றிவிட்டு வந்தார். தெரிந்தால் அவ்வளவுதான். ஏணி ஏற முடியாத மெக்கானிக்கை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். களிம்பும் பட்டையும் என் கைப்பையில்தான் வீட்டுக்கு வந்தன. ஆக, திருட்டுத்தனத்தில் எனக்கும் சரிபாதி பங்கு.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. கம்பெனியின் பயிற்சிக்கூடத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது, புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. அந்தக் கூடத்தை நடத்தும் மேடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். யாருக்கு அந்த இடம் வேண்டுமோ அவர் ஒரு பயிற்சிப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். பழைய புத்தகத்தை யாரும் படிப்பதில்லை, எல்லாரும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள் என்பது அவருடைய வாதம். இவரைத் தவிர இன்னும் இரண்டு பேர் அந்த இடத்துக்குக் கண் வைத்திருந்தார்கள்.

இங்கேதான் என் வீட்டுக்காரருக்கு ஜாக்பாட் அடித்த மாதிரி ஆயிற்று. ஏனென்றால் அவர் மூன்று வருடமாக இணையத்தில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டிருந்தார். மகளுடைய பள்ளி விழாவைக் கைப்பேசியில் எடுத்து, பார்க்க முடியாத அளவுக்கு அது நீண்டுபோய், அதை எப்படிச் சுருக்குவது என்று தேடப் போனதில் ஆரம்பித்தது. பள்ளி விழா இன்றைக்கு வரைக்கும் சுருங்கவில்லை. பாடங்கள்தான் சேர்ந்தன. வெட்டுவது எப்படி, ஒட்டுவது எப்படி, சத்தத்தைச் சுத்தம் செய்வது எப்படி, நிறத்தைத் திருத்துவது எப்படி என்று முந்நூற்று நாற்பது பாடங்களைச் சேமித்து வைத்திருந்தார். எல்லாம் இலவசம். எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில்தான் பார்ப்பார். பாடம் முடியும் முன்பே பக்கத்தில் இருக்கும் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார். விடியற்காலை ஐந்து மணிக்கு மகளுடைய கணினியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அவள் குளித்து வந்து பின்னால் நின்று தொண்டையைச் செருமுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

அந்த வாத்தியார்கள் எங்கள் வீட்டில் ஆள்களாகவே ஆகிவிட்டார்கள். தொப்பிக்காரர் என்று ஒருவர். அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர். பார்க்கிறவனுடைய கட்டைவிரல் எப்போதும் அடுத்ததற்குத் தாவத் தயாராக இருக்கிறது, ஒரே காட்சியை மூன்று விநாடிக்கு மேல் விட்டால் ஆள் கம்பி நீட்டிவிடுவான் என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார். இன்னொருத்தி மூச்சுவிடாத அக்கா. நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"இந்தப் பொண்ணு எங்கதாங்க மூச்சு விடுது?"

"விடுதும்மா. அதையும் வெட்டிட்டா."

எதற்கும் பலன் இல்லாமல் சும்மா நிற்கிற இடம் எல்லாம் குப்பை, முதலில் அதைக் கூட்டித் தள்ளு. அதுதான் அந்த அக்காவின் முதல் பாடம். அதை மட்டும் என் வீட்டுக்காரர் நான்கு முறை பார்த்தார். உலகத்தில் தன்னைப் போல ஒரு ஜீவன் இருக்கிறது என்று கண்டுகொண்ட சந்தோஷம்.

கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பழுது பார்ப்பது எப்படி என்பதுதான் படம். ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டை ஒருநாள் நிறுத்திவைக்க அனுமதி கிடைத்தது. இவர் செய்ய, நெட்டை கைப்பேசியில் எடுத்தார். நாற்பது நிமிடத்துக்கு மேல் எடுத்ததை இவர் ஒன்பது விடியற்காலைகள் உட்கார்ந்து மூன்று நிமிடம் ஐம்பது விநாடி ஆக்கினார். ஒரு வேலையை இவர் கடைசி வரைக்கும் முடித்து நான் பார்த்தது அப்போதுதான். மகளும் நானும் கணினி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். ஏணியில் கால் வைக்கிறார், அடுத்த காட்சியில் மேலே நிற்கிறார். நடுவில் அந்த மனுஷன் பட்ட பாடு காணோம். முட்டியே இல்லாத மனிதர் மாதிரி இருந்தார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை மதியம் நான் கடையில் இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நெட்டை கூப்பிட்டார்.

"அக்கா, அவரு வீட்டுக்கு வந்தா ஒண்ணும் கேக்காதீங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஆறு பேருக்குப் படத்தக் காட்டினாங்க. ஆறு பேரும் உள்ள கைய விட்டுட்டாங்க."

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். அந்தப் பெட்டிக்குள் மின்சாரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் டப்பாக்கள் இருக்கின்றன. வெளியே சுவிட்சை அணைத்த பிறகும் அவை காலியாக ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் மூடியைத் திறந்து கைவிட்டால் ஆள் காலி. அதனால் அணைக்க வேண்டும், சுவிட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் அப்படியே நிற்க வேண்டும், பிறகுதான் திறக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இருபத்தோரு வருடமாக ஒரு நாள் தவறாமல் அப்படி நின்றவர். எடிட் செய்ய உட்கார்ந்தபோது அந்த ஐந்து நிமிடத்தைத்தான் முதலில் வெட்டினார்.

சும்மா வெட்டவில்லை. தொப்பிக்காரரிடம் கற்ற வித்தையைக் காட்டியிருந்தார். திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் ஐந்திலிருந்து பூஜ்யத்துக்கு இரண்டு விநாடியில் சர்ரென்று ஓடும். பக்கத்தில் 'ஐந்து நிமிடம் காத்திருக்கவும்' என்று எழுத்து. நாங்களும் பார்த்தோம், ஏதோ அலங்காரம் என்று நினைத்தோம். அந்த ஆறு பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். படம் முடிந்ததும் மேடம் அவர்களைப் பயிற்சிப் பெட்டி முன்னால் நிறுத்தி, பார்த்ததைச் செய்யுங்கள் என்றிருக்கிறார். அந்தப் பெட்டியில் மின்சாரம் கிடையாது, சீக்கிரம் கைவிட்டால் மணி மட்டும் அடிக்கும். பூட்டினார்கள், திறந்தார்கள். ஆறு முறை மணி அடித்திருக்கிறது.

அன்று அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே வந்ததும் கேட்காமலே சொன்னார்.

"மேடம் திட்டலம்மா. எழுதி வச்சா யாரு படிக்கிறா, கை பாத்ததத்தான செய்யும்னாங்க. அடுத்த வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் காட்டணும். இல்லன்னா பழைய புத்தகமே போதுமாம்."

"சரி, அந்த அஞ்சு நிமிஷத்தத் திரும்பச் சேத்துடுங்க. எடுத்து வச்சதுதான இருக்கு?"

"இருக்கு. நெட்டை போன நிறுத்தாம எடுத்திருக்கான். நீயே வந்து பாரு."

பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நிற்கிறார். முதல் நிமிடம் சரி. அப்புறம் இடது கை மெதுவாகப் போய்ப் பக்கத்தில் இருக்கும் கம்பியைப் பிடிக்கிறது. வலது கால் தரையை விட்டு லேசாக எழுகிறது. நொண்டுகிற கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்கிறார். கொஞ்ச நேரம் கழித்துக் காலை வைக்கிறார், முகம் சுருங்குகிறது, மறுபடி தூக்குகிறார். ஐந்து நிமிடத்தில் இதே கதை நான்கு முறை. கண் உள்ள யார் பார்த்தாலும் இந்த ஆளுக்கு முட்டி போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

"நெட்டை மாமாவ நிக்க வெச்சு எடுங்களேன்" என்றாள் மகள்.

"பூட்டுப் போட்டவன்தான் சாவியோட நிக்கணும். நடுவுல ஆள் மாறினா அதுவே தப்பு."

மறுபடியும் எடுக்க அந்தக் கட்டடத்தில் லிஃப்டை நிறுத்த விடமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். விட்டாலும் என்ன, அதே முட்டிதானே வந்து நிற்கப்போகிறது.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இவர் இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும்படி காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தார். தோள் ஏறி இறங்கி, படகில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது. பெட்டியின் மூடியை மட்டும் ஐந்து நிமிடம் காட்டலாம் என்று நிழற்படமாக வைத்தார். கணினி நின்றுவிட்டது என்று நினைத்து மகள் அதை அணைத்தே விட்டாள். பின்னால் இசை போட்டார், எடுத்தார். முந்நூற்று நாற்பது பாடங்களையும் தலைகீழாக உருட்டினார். குறைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒரு காட்சியை வெட்டாமல் வைத்திருப்பது எப்படி என்று சொல்லித்தர ஒருத்தர்கூட அகப்படவில்லை.

எடிட்டிங் கற்றுக்கொள்கிறவர்கள் கேள்வி கேட்கும் தளம் ஒன்று உண்டு. அங்கே போய், 'ஒரு மனிதர் ஐந்து நிமிடம் சும்மா நிற்கிறார். பார்ப்பவர்கள் எழுந்து போகாமல் இருக்க என்ன செய்வது?' என்று எழுதினார். பதினான்கு பேர் வெட்டு என்றார்கள். ஒருவர், அந்த மனிதருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டிருந்தார். பதினாறாவதாக, பெயர்கூடப் போடாத யாரோ ஒருவர் இரண்டு வரி எழுதியிருந்தார். 'அவர் ஏன் நிற்கிறார் என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு எதையும் மறைக்காதீர்கள்.'

இவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். இரட்டை வேகத்தில் படிக்கவில்லை.

புதன்கிழமை காலை நான் காபியை வைத்தபோது, அந்த ஐந்து நிமிடத்தையும் அப்படியே சேர்த்துவிட்டேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ரெண்டு வருஷமா பொத்திப் பொத்தி வெச்சத நீங்களே திரை போட்டுக் காட்டப் போறீங்களா?"

"வேற வழி தெரியலம்மா."

"படம் வேணாம்னு சொல்லிடுங்க. அந்த வேல வேணாம். இன்னும் ரெண்டு வருஷம் மாத்திரையப் போட்டுக்கிட்டு ஓட்டிடலாம்."

"ஆறு பேரும் கைய விட்டாங்கம்மா." காபியைத் தொடாமலே சொன்னார். "ஒருத்தர்கூட நிக்கல. நான் வெட்டினத பாத்துட்டு விட்டாங்க. நாளைக்கு அவங்க நெசப் பெட்டி முன்னாடி நிப்பாங்க."

எனக்குக் கோபம் குறையவில்லை. அவர் சொன்னது சரி என்று தெரிந்ததில்தான் கோபம் அதிகமானது. மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை, என் சம்பளத்தில் வாடகையைத் தாண்டி எதுவும் தேறாது. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். காபி ஆறி ஆடை கட்டிய பிறகு எடுத்துக் குடித்தார்.

வியாழக்கிழமை முட்டி வீங்கிவிட்டது, வண்டியை உதைக்க முடியவில்லை. நான் அரைநாள் விடுப்புப் போட்டு அவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். பயிற்சிக்கூடம் ஒரு நீண்ட அறை. ஒரு பக்கம் திரை, மறுபக்கம் மூன்று பயிற்சிப் பெட்டிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கம்பி. மேடம் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார். வந்துவிட்டீர்கள், உட்காருங்கள் என்று எனக்குக் கடைசி வரிசையைக் காட்டினார். முதல் படத்தைப் பார்க்காத வேறு ஆறு பேர் முன்னால் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் பெண்கள்.

படம் ஓடியது. பூட்டுவதற்கு முன்னால் இவருடைய குரல் வந்தது, புதிதாகப் பதிவு செய்து சேர்த்தது. "கரண்ட நிறுத்திட்டோம். ஆனா உள்ள இருக்கிற டப்பாக்களுக்கு அது தெரியாது. அதுங்க காலியாக அஞ்சு நிமிஷம் ஆகும். காலியாச்சான்னு என் கண்ணுக்கும் தெரியாது, உங்க கண்ணுக்கும் தெரியாது. அதனால நான் நிக்கிறேன்." பிறகு பேச்சு இல்லை, இசை இல்லை. அந்த இடத்தில் ஓடும் ஏதோ ஒரு விசிறியின் சத்தம் மட்டும்.

ஒரு நிமிடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இரண்டாவது நிமிடம் ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தார். அப்புறம் யாரும் அசையவில்லை. வீட்டில் பார்த்தபோது மாட்டிக்கொள்வாரோ என்ற பயத்தில்தான் பார்த்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக இப்போதுதான் என் வீட்டுக்காரரை ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவருக்காகவே பார்த்தேன். களிம்பு கொண்டுவந்து கொடுத்த எனக்கு அந்தக் கால் இவ்வளவு வலிக்கும் என்று அதுவரை உறைக்கவில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எதுவும் பிடிபடவில்லை.

படம் முடிந்ததும் முதல் மூன்று பேரைப் பெட்டிகள் முன்னால் நிறுத்தினார்கள். அணைத்தார்கள். பூட்டினார்கள். சாவியைப் பையில் போட்டார்கள். நின்றார்கள். சுவரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மூன்று பேருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கைகூட மூடிப் பக்கம் போகவில்லை.

நான்தான் முதலில் கவனித்தேன். ஒரு நிமிடம் ஆனதும் முதல் பெண்ணின் இடது கை போய்க் கம்பியைப் பிடித்தது. வலது கால் தரையை விட்டு லேசாக எழுந்தது. பக்கத்துப் பெட்டியில் நின்றவரும் அதையே செய்தார். மூன்றாவது ஆள் மற்ற இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ விட்டுப்போன மாதிரி அவசரமாகக் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினார். மூன்று பேரும் வரிசையாக ஒற்றைக் காலில் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

மேடம் எழுந்து அவர்கள் பக்கத்தில் போனார். "இந்தக் காலத் தூக்கிட்டு நிக்கிறது எந்த விதியில இருக்கு?"

"படத்துல அப்படித்தான் மேடம் நின்னாரு" என்றாள் அந்தப் பெண், காலைக் கீழே வைக்காமல். "எதுக்குன்னு கடைசில சொல்வாருன்னு நெனச்சேன். சொல்லல."

எல்லாரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிற மனிதர் வாயைத் திறக்கவில்லை. நானே எழுந்து எதையாவது புளுகிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"அது விதி இல்ல மேடம்," என்றார் கடைசியில். "அது என் முட்டி."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம்."

"பரிசோதனைல?"

"மாத்திரை போட்டுட்டு வந்தேன்."

மேடம் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏணி வேலைக்கு இனி உங்கள அனுப்பக் கூடாதுன்னு நான் எழுதியாகணும்" என்றார். அவர் தன் மேசைக்குப் போனார். தாளை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டிகளுக்கு முன்னால் போட்டார்.

"ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் மணி அடிக்க விடல. எத வெட்டணும், எத வெட்டக் கூடாதுன்னு இங்க சொல்லிக்குடுக்க எனக்கு ஆள் வேணும். மொதல்ல இவங்களுக்குக் காலக் கீழ வைக்கக் கத்துக் குடுங்க. உக்காந்துகிட்டே கத்துக் குடுங்க."

அவர் உட்கார்ந்தார். மூன்று பேரும் கொஞ்சம் வெட்கத்தோடு காலைத் தரையில் வைத்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் முடிய இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி இருந்தது. அது முடிகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை.